வருஷம் தேஞ்சு போன ஆஃப் கிரவுன் வெள்ளிக் காசு: கேடயத்தைப் பாத்தே காலம் சொல்றது எப்படி

பழைய இங்கிலீஷ் ஆஃப் கிரவுன் ஒண்ணு கையில கிடைச்சா எல்லாரும் மொதல்ல தேடுறது வருஷத்தத்தான், ஆனா வருஷம் ஓரத்துக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும், நூறு இருநூறு வருஷம் கை மாறினதுல அதுதான் சீக்கிரமா தேஞ்சு போகும். வருஷம் தெரியலன்னு காச ஓரமா வெச்சுடாதீங்க. பூ பக்கத்துல நடுவுல பெருசா ஒரு ராஜ கேடயம் இருக்கும் பாருங்க, அதுல பாதி அழிஞ்சிருந்தாலும் மிச்சம் இருக்குற பாதிய வெச்சே இது எந்த ராஜா காலம், பல நேரம் எந்த அஞ்சு பத்து வருஷத்துக்குள்ளங்கிற வரைக்கும் சொல்லிடலாம். ஏன்னா அந்தக் கேடயம் சும்மா அழகுக்குப் போட்டது இல்ல, அந்த ராஜா எந்தெந்த நாட்ட தன்னோடதுன்னு சொல்லிக்கிறாரோ அதோட சின்னமெல்லாம் அதுல இருக்கும், ஒரு ராஜ்யம் சேந்தா ஒரு கட்டம் கூடும், போனா ஒரு கட்டம் போகும், அப்படி மாறின ஒவ்வொரு தடவைக்கும் வரலாத்துல ஒரு தேதி இருக்கு.

ஆஃப் கிரவுன்னா 2 ஷில்லிங் 6 பென்ஸ், ஒரு பவுண்டுல எட்டுல ஒரு பங்கு. வெள்ளியில மொதல்ல வந்தது 1551ல, ஆறாம் எட்வர்ட் காலத்துல, புழக்கத்துல கடைசி நாள் 1969 டிசம்பர் 31. இடையில நாலு நூறு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு, அதனால கேடயத்தோட கதை முழுசா இந்த ஒரே காசு வகையில கிடைச்சிடும், கத்துக்க இதவிட நல்ல காசு இல்லங்கிறது என் அபிப்பிராயம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், தயவு செஞ்சு காச தேய்க்காதீங்க, பாலிஷ், பேஸ்ட், சோடா எதுவும் வேணாம். கருத்துப் போன காசுல பள்ளத்துல தங்கியிருக்குற அந்தக் கருப்புதான் உங்களுக்கு கோட்ட காட்டிக் குடுக்கும், தேச்சீங்கன்னா பளபளன்னு ஆகும், ஆனா மிச்சம் இருந்த விவரமும் போயிடும், அதோட விலையும் பாதியா போயிடும். மண்ணு ஒட்டியிருந்தா வெறும் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு மெத்துன்னு துணியில ஒத்தி எடுங்க, அவ்வளவுதான்.

தேவையானது 10 மடங்கு பெருசா காட்டுற ஒரு லூப், 0.01 கிராம் வரைக்கும் காட்டுற ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு சின்ன டார்ச், ஒரு போன் கேமரா. ரூம் லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச காசோட ஓரத்துல கிட்டத்தட்ட படுத்த மாதிரி வெச்சு அடிங்க, மேல இருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல அடிச்சாதான் கொஞ்சம் மேடா இருக்குறதுக்கும் நிழல் விழும். காச கொஞ்சம் கொஞ்சமா சுத்தி ஒவ்வொரு திசையிலயும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஒரு போட்டோல சிங்கத்தோட முதுகு தெரியும், இன்னொண்ணுல கால் தெரியும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா உருவம் கிடைச்சிடும்.

இப்ப கேடயத்துல வர்ற சின்னங்கள அடையாளம் தெரிஞ்சுக்கணும், மொத்தமே கொஞ்சம்தான். மூணு சிங்கம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா படுக்கை வாக்குல நடந்து போனா அது இங்கிலாந்து, தேஞ்ச காசுல அது மூணு படுக்கைக் கோடு மாதிரிதான் தெரியும். ஒரே ஒரு சிங்கம் பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னு, சுத்தி ரெட்டை பார்டர் ஓடினா ஸ்காட்லாந்து. யாழ் இருந்தா அயர்லாந்து, இத கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், கம்பி தேஞ்சு போனாலும் அந்த வளைவு நிக்கும். மேல ரெண்டு கீழ ஒண்ணுன்னு மூணு லில்லிப் பூ இருந்தா ஃபிரான்ஸ். இங்கிலீஷ் காசுல ஃபிரான்ஸ் எதுக்குன்னு கேட்டா, மூணாம் எட்வர்ட் 1340ல நாந்தான் ஃபிரான்ஸுக்கும் ராஜான்னு உரிமை கொண்டாடினார், அதுக்கப்புறம் வந்தவங்க ஃபிரான்ஸ்ல கையளவு நிலம் இல்லாத காலத்துலயும் அந்தப் பூவ மட்டும் விடவே இல்ல. இதெல்லாம் இல்லாம ஓடுற குதிரை ஒண்ணு தெரிஞ்சா அது ஹானோவர், அதப் பத்தி பின்னாடி விவரமா வரும்.

கட்டம் எண்ணுறதுலயும் ஒரு முறை இருக்கு. நீங்க பாக்கும்போது மேல இடது கை பக்கம் இருக்குறது 1, மேல வலது 2, கீழ இடது 3, கீழ வலது 4. கேடயத்த கையில பிடிச்சிருக்குற ஆளோட பக்கத்துல இருந்து சொல்றதால ஹெரால்ட்ரி, அதாவது கேடயச் சின்னங்களப் பத்தின புத்தகத்துல வலது இடது மாறி இருக்கும், அதுல குழம்பிடாதீங்க, நம்பரா ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்.

சரி, காச திருப்புங்க. மொத கேள்வி, பூ பக்கத்துல ஒரே கேடயமா, சிலுவை மாதிரி நாலு கேடயமா, இல்ல ஒட்டிக்கிட்டு ரெண்டு கேடயமா?

ரெண்டு கேடயம்னா நேரா 1649 – 1660க்கு போயிடலாம், வேற யோசனையே வேணாம். முதலாம் சார்லஸ் தலைய வெட்டினதுக்கப்புறம் ராஜாவே இல்லாம பார்லிமென்ட் ஆண்ட காலம் அது, ராஜா இல்ல அதனால ராஜ சின்னமும் இல்ல, ஒரு கேடயத்துல செயின்ட் ஜார்ஜ் சிலுவை, இன்னொண்ணுல யாழ். எழுத்து கூட லத்தீன்ல இல்லாம இங்கிலீஷ்லயே இருக்கும், ஒரு பக்கம் 'த காமன்வெல்த் ஆஃப் இங்கிலாந்து', மறு பக்கம் 'காட் வித் அஸ்'. ரெண்டு கேடயமும் பக்கத்துல பக்கத்துல இருக்குறது கால்சட்டை மாதிரி தெரியுதுன்னு ஜனங்க அந்தக் காச 'பிரீச்சஸ் மணி'ன்னு கேலி பண்ணியிருக்காங்க. இதே காலத்துலயே ஆலிவர் குரோம்வெல் படம் போட்டு 1656, 1658ல வந்த ஆஃப் கிரவுன் தனி, அதுல ஒரே கேடயம், 1லயும் 4லயும் ஜார்ஜ் சிலுவை, 2ல செயின்ட் ஆண்ட்ரூவோட பெருக்கல் குறி சிலுவை, 3ல யாழ், நடுவுல குட்டியா குரோம்வெல் குடும்பத்து சிங்கம், மேல கிரீடமும் உண்டு! ராஜாவ எடுத்துட்டு வந்தவர் காசுல கிரீடம் இருக்குறத கவனிச்சுப் பாருங்க, தாமஸ் சைமன் வெட்டின அச்சு அது, வேலைப்பாடுன்னு பாத்தா அந்த நூற்றாண்டுலயே அதுக்கு ஈடு ரொம்பக் கம்மி.

ஒரே கேடயம், காசு கொஞ்சம் கோணல் மாணலா, தலைப் பக்கம் ராஜா குதிரை மேல இருந்தா அது சுத்தியல்ல அடிச்ச காசு, 1660களுக்கு முன்னாடி. இதுல லில்லியும் மூணு சிங்கமும் மட்டும் நாலு கட்டத்துலயும் மாறி மாறி வந்தா டியூடர் குடும்பம் ஆண்ட காலம், 1603க்கு முன்னாடி. யாழும் ஸ்காட்லாந்து சிங்கமும் சேந்துடுச்சுன்னா 1603க்கு அப்புறம், ஏன்னா அந்த வருஷம் எலிசபெத் வாரிசு இல்லாம இறந்து ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவானார். அப்பத்தான் 1லயும் 4லயும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயே இன்னும் நாலு குட்டிக் கட்டம் போட்டு ஃபிரான்ஸையும் இங்கிலாந்தையும் அடைச்சு, 2ல ஸ்காட்லாந்து, 3ல அயர்லாந்துன்னு வெச்சாங்க. இந்தக் காலத்து ஆஃப் கிரவுன்ல பெரும்பாலும் வருஷமே போட மாட்டாங்க, அதனால கேடயத்த சுத்தி இருக்குற வாசகத்த பாருங்க, 'எக்ஸர்காட் டேயஸ்'னு ஆரம்பிச்சா ஜேம்ஸோட மொத வெளியீடு, 1603 – 04. 'க்வே டேயஸ் கொன்யூன்க்ஸிட்'னு இருந்தா 1604க்கு அப்புறம் அவரே. 'கிறிஸ்டோ ஆஸ்பிசே ரெக்னோ'ன்னா முதலாம் சார்லஸ். ரெண்டு மூணு எழுத்து மிச்சம் இருந்தாலே போதும், மூணும் வேற வேற மாதிரி ஆரம்பிக்குது.

இப்ப நாலு கேடயம் சிலுவையா நிக்குற காசுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இதுதான், இதுல படிக்கிறதுக்கு விஷயமும் நிறைய. ரெண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததுக்கப்புறம் மெஷின்ல அடிச்ச ஆஃப் கிரவுன் 1663ல வந்துச்சு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஃபிரான்ஸ், அயர்லாந்து ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கேடயம், ஒவ்வொண்ணு தலையிலயும் கிரீடம், நடுவுல கார்ட்டர் ஆர்டரோட, அதாவது இங்கிலாந்தோட பெரிய வீரப் பட்டத்தோட நட்சத்திரம். இந்த வகையில நீங்க பாக்க வேண்டியது ரெண்டு இடம், நட்ட நடு, அப்புறம் கேடயத்துக்கும் கேடயத்துக்கும் நடுவுல இருக்குற நாலு மூலை.

மூலையில ஒண்ணோட ஒண்ணு பின்னின ரெண்டு 'சி' எழுத்து இருந்தா ரெண்டாம் சார்லஸ். மூலை வெறுமையா, நடுவுல நட்சத்திரம்னா அவர் தம்பி ரெண்டாம் ஜேம்ஸா இருக்கலாம், 1685 – 88. நடுவுல நட்சத்திரத்துக்குப் பதிலா ஒரு குட்டி சிங்கம், அத சுத்தி சின்னச் சின்ன செங்கல் மாதிரி துண்டுங்க தெரிஞ்சா அது நாசோ சிங்கம், டச்சு நாட்டுல இருந்து வந்த வில்லியமோட குடும்பச் சின்னம், அப்ப காலம் 1689ல இருந்து 1702க்குள்ள. வில்லியமும் மேரியும் சேந்து ஆண்டப்ப 1689 – 90ல மறுபடியும் ஒரே பெரிய கேடயம் போட்டாங்க, நாசோ சிங்கம் அதோட நடுவுல உக்காந்திருக்கும், 1691ல இருந்து 93 வரைக்கும் நாலு கேடயம், மூலையில 'டபிள்யூ'வும் 'எம்'மும் பின்னின மோனோகிராம். மேரி இறந்ததும் மோனோகிராம் போயிடுச்சு, சிங்கம் மட்டும் இருந்துச்சு. வில்லியம் காசுன்னு தெரிஞ்சதும் தலைப் பக்கம் திருப்பி மார்புக்குக் கீழ ஒரு எழுத்து இருக்கான்னு தேடுங்க, 1696ல பழைய சுத்தியல் காச எல்லாம் திரும்ப வாங்கி புதுசா அடிச்சாங்க, லண்டன் மட்டும் பத்தாம அஞ்சு ஊர்ல தற்காலிகமா நாணயசாலை போட்டாங்க, 'பி' பிரிஸ்டல், 'சி' செஸ்டர், 'இ' எக்ஸிட்டர், 'என்' நார்விச், 'ஒய்' யார்க். ஐசக் நியூட்டன் நாணயசாலைக்கு வார்டனா வந்து சேந்த வருஷமும் அதே 1696தான்.

1702ல ஆன் ராணி வந்ததும் நாசோ சிங்கம் காணாம போய் நட்சத்திரம் திரும்பி வருது. அப்ப மூலை வெறுமையா இருக்குற நட்சத்திரக் காசு ரெண்டாம் ஜேம்ஸா ஆனான்னு எப்படிப் பிரிக்கிறது, தலையப் பாத்தா ஆம்பளையா பொம்பளையான்னு தெரிஞ்சிடும், ஆன் கொண்டை போட்டிருப்பாங்க. அவங்க காசுல மார்புக்குக் கீழ 'வைகோ'ன்னு இருந்தா 1703, ஸ்பெயின்ல வைகோ விரிகுடாவுல 1702ல பிடிச்ச வெள்ளியில அடிச்சது.

இப்ப முக்கியமான இடம். 1707 மே 1, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சட்டப்படி ஒரே ராஜ்யமாகுது. அது அப்படியே காசுல இருக்கு, மேல இருக்குற கேடயத்தயும் கீழ இருக்குறதயும் பாருங்க, நெடுக்கா ஒரு கோடு போட்டு ஒரு பாதியில மூணு சிங்கம், மறு பாதியில நிக்கிற ஒத்த சிங்கம். அந்த நெடுக்குக் கோடு கண்ணுக்குப் பட்டா காசு 1707க்கு அப்புறம்தான், கோடு இல்லாம முழு கேடயமும் ஒரே நாடுன்னா அதுக்கு முன்னாடி. ஒரு ஒப்பந்தத்தோட கையெழுத்த கையில வெச்சுப் பாக்குற மாதிரி இருக்கும், இந்த ஒரு கோட்டுக்காகவே நான் ஆன் காசுங்கள எவ்வளவு நேரம் வேணா பாத்துக்கிட்டு இருப்பேன். தலைப் பக்கம் கீழ 'இ' இருந்தா எக்ஸிட்டர்னு நினைச்சுடாதீங்க, இந்தக் காலத்துல அது எடின்பரோ.

1714ல ஆன் வாரிசில்லாம போனதும் ஜெர்மனியில இருந்து முதலாம் ஜார்ஜ் வர்றார், நாலு கேடயத்துல ஒண்ணு அவர் அங்க ஆண்ட ஹானோவருக்குப் போயிடுது. அந்த ஒரு கேடயத்துக்குள்ளயே மூணு பங்கு இருக்கும், பிரன்ஸ்விக்கோட ரெண்டு சிங்கம், சுத்தி இதயம் தூவின லூனபர்க் சிங்கம், கீழ ஓடுற குதிரை, நடுவுல இத்தனூண்டு கேடயத்துல சார்லமேன் கிரீடம். தேஞ்ச காசுல இதுல பாதி தெரியாது, ஆனா ஒரு கேடயம் மட்டும் மத்த மூணையும் விட நெரிசலா, கசகசன்னு இருக்கும், அது ஹானோவர்தான்னு தைரியமா சொல்லலாம். மூலையில 'எஸ்.எஸ்.சி.' எழுத்து இருந்தா சவுத் சீ கம்பெனி வெள்ளி, 1723. ரோஜா இருந்தா மேற்கு இங்கிலாந்து சுரங்க வெள்ளி, இறகு இருந்தா வேல்ஸ் வெள்ளி. ரெண்டாம் ஜார்ஜ் மார்புக்குக் கீழ 'லிமா'ன்னு இருந்தா 1745 இல்ல 1746, கடல்ல பிடிச்ச தென் அமெரிக்கப் புதையல்ல அடிச்சது.

அப்புறம் 1751க்கும் 1816க்கும் நடுவுல ஆஃப் கிரவுனே அடிக்கல, கிட்டத்தட்ட 65 வருஷம் இடைவெளி. அதனால யாராவது 1780 ஆஃப் கிரவுன்னு ஒண்ண நீட்டினா வாங்காதீங்க.

அந்த இடைவெளிக்குள்ளதான் லில்லிப் பூ போச்சு. 1801 ஜனவரி 1ல அயர்லாந்தோட யூனியன் வந்தப்ப ராஜ பட்டங்கள திருத்தி எழுதினாங்க, ஃபிரான்ஸ கேடயத்துல இருந்து எடுத்தாங்க. அதனால ஆஃப் கிரவுன பொறுத்தவரைக்கும் கணக்கு ரொம்ப சுலபம், லில்லி இருந்தா 1751 வரைக்கும், லில்லி இல்லாம ஒரே கேடயத்துல 1லயும் 4லயும் இங்கிலாந்துன்னு இருந்தா 1816க்கு மேல. 1816ல வந்த கேடயத்துல நடுவுல கிரீடம் வெச்ச குட்டி ஹானோவர் கேடயம் ஒட்டியிருக்கும். நடுவுல அந்தக் குட்டி கேடயம் இருந்தா 1837 வரைக்கும், இல்லன்னா விக்டோரியாவும் அவங்களுக்கு அப்புறமும். ஹானோவர்ல ஆண் வாரிசு இருக்கும்போது பொண்ணு பட்டத்துக்கு வர முடியாது, அதனால 1837 ஜூன் 20ல விக்டோரியா ராணியானதும் ஹானோவர் அவங்க சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போயிடுச்சு, கேடயத்தோட நடுவும் காலியாச்சு.

1816ல இருந்து 37க்குள்ள இன்னும் சுருக்கணும்னா கேடயத்த சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க. கார்ட்டர் பட்டையும் அதச் சுத்தி சங்கிலி மாலையும் இருந்து, ஜார்ஜ் தலை பெருசா கழுத்து தடிமனா இருந்தா 1816 – 17, மாலை போய் பட்டை மட்டும்னா 1817 – 20. ரோஜா, திஸில்ங்கிற முள்ளுப் பூ, ஷாம்ராக்ங்கிற மூணு இலைச் செடி சுத்தி இருந்தா நாலாம் ஜார்ஜ் 1820 – 23, மேல போர் ஹெல்மெட் இருந்தா அவரே 1824 – 29. பின்னாடி திரைச்சீலை விரிச்ச மாதிரி ராஜ அங்கி தொங்கினா நாலாம் வில்லியம். விக்டோரியா இளம் முகம்னா கேடயத்துக்கு ரெண்டு பக்கமும் இலை மாலை, 1887 – 92ல கார்ட்டரும் சங்கிலியும், 1893ல இருந்து மண்வெட்டி வடிவ கேடயம். அவங்க காலத்துல 1851ல இருந்து 1873 வரைக்கும் புழக்கத்துக்கு ஆஃப் கிரவுன் அடிக்கலங்கிறதயும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் நாலு கட்டமும் மாறவே இல்ல, அந்தக் காசுங்க அவ்வளவா தேஞ்சும் இருக்காது, வருஷமே படிச்சிடலாம்.

19ம் நூற்றாண்டு காசுல லூப்ல பாத்தா கட்டத்துக்குள்ள மெல்லிசா கோடு தெரியும், அது கலருக்கான குறி. நெடுக்குக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி தங்கம். அதனால சிங்கமும் யாழும் மொத்தமா வழிச்சு எடுத்த மாதிரி போயிருந்தாலும் பின்னாடி நெடுக்குக் கோடு மட்டும் மிச்சமிருந்தா இங்கிலாந்து கட்டம், படுக்கைக் கோடுன்னா அயர்லாந்து, புள்ளின்னா ஸ்காட்லாந்து. உருவம் மேடு, அதனால மொதல்ல தேயும், கோடு தரையில கிடக்குது, அதனால தப்பிச்சுக்கும்.

கேடயம் சொல்றத வேற வழியில உறுதிப்படுத்திக்கணும், மூணு வழி இருக்கு. மொதலாவது முகம் பாக்குற திசை, 1663க்கு அப்புறம் ஒரு ஆட்சி வலது பக்கம் பாத்தா அடுத்த ஆட்சி இடது பக்கம் பாக்கும், ரெண்டாம் சார்லஸ் வலது, ஜேம்ஸ் இடது, வில்லியம் வலது, ஆன் இடது, முதலாம் ஜார்ஜ் வலது, இப்படியே மாறி மாறி விக்டோரியா இடது வரைக்கும் வரும். கேடயம் ஒண்ணு சொல்லி முகம் வேற சொன்னா எங்கயோ தப்பா படிச்சிருக்கீங்க.

ரெண்டாவது காசோட ஓரம், இத நிறைய பேர் திருப்பிக் கூடப் பாக்குறதில்ல. 1663ல இருந்து 1751 வரைக்கும் ஆஃப் கிரவுன் ஓரத்துல 'டெக்கஸ் எட் டூட்டாமென்'னு எழுதி, கூடவே ராஜாவோட எத்தனாவது ஆட்சி வருஷம்னும் லத்தீன்ல போட்டிருக்கும், அழகும் பாதுகாப்பும்னு அர்த்தம், ஓரத்த வெட்டி வெள்ளி திருடுறவங்கள தடுக்கத்தான் அந்த எழுத்தே. பூ பக்கத்துல வருஷம் போயிருந்தாலும் ஓரத்துல அந்த ஆட்சி வருஷம் மிச்சம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை, ரெண்டாம் சார்லஸ் 1660ல தான் நாட்டுக்குத் திரும்பினார், ஆனா ஆட்சி வருஷத்த அப்பா இறந்த 1649 ஜனவரியில இருந்தே எண்ணினார், அதனால ஓரத்துல 15ன்னா 1663, 'ட்ரைசெசிமோ'ன்னா முப்பதாவது வருஷம், 1678 வாக்குல. 1816ல இருந்து ஓரத்துல எழுத்து இல்ல, வெறும் பல்லு வெட்டுதான்.

மூணாவது எடை. 1816க்கு முந்தினது புதுசா இருந்தப்ப 15 கிராம் சொச்சம், அப்புறம் வந்தது 14.14 கிராம். ரொம்ப தேஞ்ச பழைய காசும் 14ல வந்து நிக்கும், அதனால எடைய மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, 1816க்கு அப்புறத்துக் காசு 14.14க்கு மேல காட்டினாதான் சந்தேகப்படணும். வெள்ளிதானான்னு பாக்க தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு, காச நூல்ல கட்டி அடியில தொடாம முக்குங்க, 14.14 கிராம் ஸ்டெர்லிங் காசுன்னா, அதாவது 92.5 சதவீதம் வெள்ளின்னா, தராசு 1.37 கிட்ட காட்டும். 1.59 கிட்ட வந்தா அது செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல், 1947ல இருந்து வந்த காசு. 1920ல இருந்து 46 வரைக்கும் வெள்ளி பாதிதான், 50 சதவீதம், அதனால நடுவுல வரும். காந்தத்துல ஒட்டினா எந்தக் காலத்து ஆஃப் கிரவுனும் இல்ல.

இதெல்லாம் முடிச்சதும் காசோட கவர் மேல வெறும் வருஷத்த எழுதாம, எதவெச்சு சொல்றீங்கன்னும் சேத்து எழுதுங்க, உதாரணமா 'மேல கேடயத்துல நெடுக்குக் கோடு, நடுவுல நட்சத்திரம், ஹானோவர் இல்ல, முகம் இடது, 1707 – 1714'ன்னு. நாளைக்கு வேற யாராவது லூப்ல ஒரு எழுத்து கூடுதலா கண்டுபிடிச்சா அங்க இருந்து அவங்க மேல கொண்டு போகலாம்.